ஸ்டீமா, எபிக்கா, ஜீ.ஓ.ஜீயா: கொழும்பில் இருந்து பீசி கேம் வாங்க எந்தக் கடை?

ஒரே கேம் ஸ்டீம், எபிக், ஜீ.ஓ.ஜீ என்ற மூன்று இணையக் கடைகளிலும் இருக்கிறது. கையில் ஒரு வங்கி கார்ட், மாதம் முடியுமுன் தீர்ந்துவிடும் டேட்டா பெக்கேஜ், வீட்டில் ஒரு டெஸ்க்டொப், தம்பியிடம் ஒரு லெப்டொப். எங்கே வாங்குவது? வெளிநாட்டில் எழுதப்படும் ஒப்பீடுகள் இதற்குப் பாதிப் பதிலைத்தான் தரும். கடையின் வசதியையும் கழிவையும் பார்ப்பதோடு அவை நின்றுவிடும். இங்கே விலை டொலரில் வருகிறது, பணம் ரூபாவில் போகிறது, 100 ஜீபி கேமை இறக்க ஓர் இரவு முழுக்கத் தேவை, சில கடைகளின் கதவு நமக்குத் திறப்பதே இல்லை.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காசு கொடுத்து வாங்கும் பெரிய கேம்களுக்கு ஸ்டீம். தனியாக இருந்து விளையாடும் கதைக் கேம் ஒன்று ஜீ.ஓ.ஜீயில் ஸ்டீமை விடப் பத்து வீதத்துக்கு மேல் கூடாமல் கிடைத்தால் ஜீ.ஓ.ஜீ. எபிக்கில் இலவசமாகத் தருவதை எல்லாம் எடுத்து வைக்கலாம். அங்கே பணம் செலவழிப்பது, வேறெங்கும் இல்லாத கேமுக்கு மட்டும். இந்த முடிவுக்கு ஏன் வந்தோம் என்பதற்கு விலையை விட டேட்டாவுக்குப் பங்கு அதிகம்.

ரூபாவில் எவ்வளவு?

ஸ்டீமில் இலங்கை ரூபா கிடையாது. இந்தியாவுக்கு இந்திய ரூபாயில் விலை உண்டு. நம்மை பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளத்தோடு சேர்த்து "தெற்காசியா - அமெரிக்க டொலர்" என்ற தனி விலைப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். இது நமக்கு நல்லது. கேமை வெளியிடும் நிறுவனம் இந்தப் பிரிவுக்கென்று குறைந்த விலை வைத்தால், அமெரிக்காவில் காட்டும் விலையை விடக் கணிசமாகக் குறைந்த விலை நம் திரையில் வரும். வைக்காவிட்டால் முழு விலைதான். அது கேமுக்குக் கேம் மாறும். ஆகவே யூடியூப்பில் யாரோ சொன்ன விலையை நம்பாமல், இலங்கைக் கணக்கில் உள்நுழைந்த பிறகு தெரியும் விலையைப் பாருங்கள். ஸ்டீம்டீபீ தளத்தில் ஒவ்வொரு கேமின் பக்கத்திலும் தெற்காசியப் பிரிவுக்குத் தனி வரி இருக்கிறது. இதுவரை இறங்கிய மிகக் குறைந்த விலையும் அங்கேயே தெரியும். எபிக்கிலும் பிரதேச விலை வைக்கலாம். எந்தக் கடையில் எவ்வளவு என்பதை வெளியீட்டாளர் தனித்தனியே தீர்மானிப்பதால், ஒரே மாலையில் இரண்டையும் திறந்து பார்ப்பதுதான் வழி.

ஓர் உதாரணக் கணக்கு. டொலர் 300 ரூபா, வங்கி எடுப்பவை எல்லாம் சேர்த்து 5 வீதம் என்று வைப்போம். 60 டொலர் கேம் 18,900 ரூபா. அதே கேம் நம் பிரிவில் 35 டொலர் என்றால் 11,025 ரூபா. எபிக் கூப்பனோ ஜீ.ஓ.ஜீ கழிவோ இந்த இடைவெளியை நிரப்புவது கடினம்.

வங்கி எடுப்பது என்றது மூன்றைச் சேர்த்து: வங்கியின் மாற்று வீதம், வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம், கடன் அட்டை என்றால் முத்திரைத் தீர்வை. இவற்றைத் தனித்தனியே தேடி அலையத் தேவையில்லை. கடந்த மாத ஸ்டேட்மெண்டில் டொலர் செலவு ஒன்றைப் பிடித்து, அதற்கென்று வெட்டிய ரூபா எல்லாவற்றையும் கூட்டி, டொலர் தொகையால் வகுங்கள். வருவதுதான் உங்கள் டொலர் விலை. எல்லாக் கடைக்கும் அதையே போட்டுப் பாருங்கள். உங்கள் வங்கி ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் குறைந்தபட்சக் கட்டணம் வைத்திருந்தால், இரண்டு மூன்று டொலர் கேம்களை ஒவ்வொன்றாக வாங்குவது நட்டம். ஸ்டீம் வொலெட்டில் (கணக்கில் முன்பணம் வைக்கும் இடம்) ஒரே தடவை 25 டொலர் ஏற்றிவிட்டுப் பிறகு பிரித்துச் செலவழிக்கலாம். இலங்கைக் கணக்கின் வொலெட் டொலரிலேயே இருக்கும். 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்ட பிறகு 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. அந்த ஏற்றம் முன்கூட்டியே ஏற்றி வைத்த வொலெட்டைத் தொடவில்லை. அதற்காக வொலெட்டைச் சேமிப்புக் கணக்காக்க வேண்டாம். உள்ளே போன பணம் கேமாகத்தான் வெளியே வரும்.

கார்ட் மறுக்கப்பட்டால் திரும்பத் திரும்ப முயற்சிக்காதீர்கள். தோல்விகள் அடுக்கினால் ஸ்டீம் சில மணி நேரம் வாங்கவே விடாது. வழமையான காரணம், டெபிட் கார்ட்டில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனை திறக்கப்படாமல் இருப்பது. வங்கியின் செயலியிலோ தொலைபேசியிலோ அதைத் திறந்துகொள்ளலாம். பேபால் இலங்கையில் பணம் அனுப்ப வேலை செய்யும், பெறத்தான் முடியாது. பேபால் வழியாகக் கட்டினால், மாற்று வீதத்தைப் பேபாலே போடாதபடி "கார்ட் வங்கியே மாற்றட்டும்" என்ற தெரிவை எடுங்கள். அவர்களின் வீதம் பெரும்பாலும் வங்கியினதை விட மோசம்.

வரியையும் மறக்கக்கூடாது. 2024 ஜனவரி முதல் நம் மதிப்புக் கூட்டு வரி 18 வீதம். வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கும் அதை விதிக்க 2025இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் வரி தனி வரியாக வருகிறதா, விலைக்குள் அடங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே கடைகளை ஒப்பிடுங்கள்.

30 வீதமும் 12 வீதமும்

எபிக் 2018 டிசம்பரில் கடை திறந்தபோது பெரிய வாக்குறுதி இதுதான்: கேம் விற்ற பணத்தில் ஸ்டீம் 30 வீதம் எடுக்கிறது, நாங்கள் 12 வீதம் மட்டும். அதற்குச் சில நாட்களுக்கு முன் ஸ்டீமும் அசைந்து கொடுத்தது. ஒரு கேமின் வருமானம் 10 மில்லியன் டொலரைத் தாண்டினால் பங்கு 25 வீதம், 50 மில்லியனைத் தாண்டினால் 20 வீதம். 2021 ஒகஸ்டில் மைக்ரோசொஃப்டும் பீசி கேம்களுக்கு 12 வீதத்துக்கு இறங்கியது. 2025 ஜூன் முதல் எபிக் ஒவ்வொரு கேமுக்கும் ஆண்டின் முதல் மில்லியன் டொலருக்குப் பங்கே எடுப்பதில்லை.

இவ்வளவு நடந்தும் நாம் கட்டும் விலை இறங்கவில்லை. மிச்சமான பணம் கேம் செய்தவரிடம் தங்குகிறது. அது நல்ல காரியம், சிறிய குழுக்களுக்கு உயிர். ஆனால் வாங்குபவர் 12 வீதத்தைப் பார்த்து எபிக்கில் மலிவு என்று எண்ணினால் ஏமாற்றம்தான். விலை ஏன் இறங்கவில்லை என்பதே அமெரிக்காவில் ஒரு வழக்கின் மையம். வுல்ஃபயர் கேம்ஸ் 2021இல் தொடுத்த அந்த வழக்கு, வேறு கடையில் மலிவாக விற்க ஸ்டீமை நடத்தும் வால்வ் தடையாக இருக்கிறது என்று குற்றம் சாட்டுகிறது. 2024 நவம்பரில் நீதிமன்றம் அதைக் கூட்டு வழக்காக ஏற்றது.

போட்டியில் எபிக் நம்பிய இன்னொரு ஆயுதம், பணம் கொடுத்துக் கேமைத் தன் கடையில் மட்டும் வைத்திருப்பது. அதில் பெரும்பாலானவை ஒரு வருடத்தில் ஸ்டீமுக்கு வந்துவிட்டன. சொந்தக் கடை கட்டிய பெரிய வெளியீட்டாளர்களும் திரும்பினார்கள். ஈஏ 2019இலும் யூபிசொஃப்ட் 2022இலும் ஸ்டீமில் மீண்டும் கேம் போடத் தொடங்கின. பெதஸ்டாவின் லோஞ்சர் (கேமை வாங்கி, இறக்கி, திறக்கும் செயலி) 2022இல் மூடப்பட்டது. ஒரு வருடம் பொறுத்திருப்பவருக்கு ஸ்டீமில் இல்லாத கேம் மிகக் குறைவு. எபிக்கே பணம் போட்டுச் செய்வித்த ஆலன் வேக் 2 போன்றவைதான் விதிவிலக்கு.

டேட்டா: கடைகள் உண்மையில் பிரியும் இடம்

40 எம்பீபீஎஸ் இணைப்பில் 100 ஜீபி இறங்க ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம் ஆகும், அதுவும் வேகம் குறையாமல் வந்தால். (ஸ்டீம் திரையில் காட்டுவது மெகாபைட், பெக்கேஜில் எழுதியிருப்பது மெகாபிட். எட்டால் வகுத்துப் பாருங்கள். 40 என்பது திரையில் 5 ஆகத் தெரிவது பிழையல்ல.) உங்கள் பெக்கேஜில் இரவு ஒதுக்கீடு தனியாக இருந்தால், ஸ்டீமின் பதிவிறக்க அமைப்பில் தானியங்கி அப்டேட்டுக்கு நேர வரம்பு வைக்கலாம். பெக்கேஜ் ஆவணத்தில் உள்ள இரவு நேரத்தைப் பார்த்து, இரு பக்கமும் பதினைந்து நிமிடம் உள்ளே தள்ளி வையுங்கள். பெரிய கேம்களை "தொடங்கும்போது மட்டும் அப்டேட்" என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால், விளையாடாத கேம் ஒன்று பகலில் 20 ஜீபியைத் தின்றுவிடும். வேகம் தள்ளாடினால் பதிவிறக்கப் பிரதேசத்தைச் சிங்கப்பூர், சென்னை, மும்பை என்று மாற்றி ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் பாருங்கள். எது சிறந்தது என்பது உங்கள் இணைப்பைப் பொறுத்தது.

ஸ்டீம் எங்களிடம் முதலிடம் பெறுவது இன்னொரு வசதிக்காக. 2023 பெப்ரவரியில் வந்த உள்வலையமைப்புப் பரிமாற்றம். வீட்டில் ஒரு கணினியில் கேம் இருந்தால், இரண்டாவது கணினி அதை இணையத்தில் இருந்து இறக்காமல் வீட்டுக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும். செய்முறை இப்படி. இரண்டு கணினியிலும் ஸ்டீமைத் திறந்து உள்நுழையுங்கள். அமைப்புகளில் பதிவிறக்கப் பகுதிக்குப் போய், கேம் கோப்புப் பரிமாற்றத்தை ஒரே கணக்கு என்றால் "நான் மட்டும்" என்றும், தம்பியின் கணக்கு என்றால் "நண்பர்கள்" என்றும் வையுங்கள். பிறகு இரண்டாவது கணினியில் வழமைபோல் நிறுவுங்கள். கோப்பு பக்கத்துக் கணினியில் இருந்து வருகிறது என்று பதிவிறக்கப் பக்கமே காட்டும்.

வேலை செய்யாவிட்டால் பெரும்பாலும் நான்கில் ஒன்று. தரும் கணினியில் கேம் பழைய பதிப்பாக இருக்கும், முதலில் அங்கே அப்டேட் செய்யுங்கள். அல்லது அங்கே யாரோ அந்தக் கேமை விளையாடிக்கொண்டிருப்பார்கள். அல்லது ஒரு கணினி ரவுட்டரின் விருந்தினர் வைஃபையில் இருக்கும். அது மற்றக் கணினிகளைப் பார்க்க விடாது. அல்லது விண்டோஸ் உங்கள் வீட்டு வலையமைப்பைப் "பொது" என்று குறித்து ஃபயர்வோலால் அடைத்திருக்கும், "தனிப்பட்டது" என்று மாற்றுங்கள்.

வைஃபையை நம்பாமல் கேபிள் போடுங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கேட் 5ஈ அல்லது கேட் 6 கேபிள் என்று கேட்டு வாங்கலாம். கிகாபிட் இணைப்பில் விநாடிக்கு 110 மெகாபைட் வரை போகும், 100 ஜீபிக்குக் கால் மணி நேரம்தான் கணக்கு. நடைமுறையில் ஹார்ட் டிஸ்க் அதற்குள் எழுதி முடிக்காது, எஸ்எஸ்டி இருந்தால் கிட்ட வரும். ரவுட்டரின் போர்ட் பழைய 100 எம்பீபீஎஸ் வகை என்றால் இரண்டரை மணி நேரம் ஆகும். அப்போதும் டேட்டா ஒரு ஜீபிகூடச் செலவாகாது.

எபிக்கில் இப்படி ஒரு வசதி இல்லை, சுற்றுவழி உண்டு. பழைய கணினியின் கேம் ஃபோல்டரை வெளி டிஸ்க்கில் எடுங்கள். புதிய கணினியில் நிறுவத் தொடங்கி, ஓரிரு வீதம் போனதும் நிறுத்தி, லோஞ்சரை முழுவதுமாக மூடுங்கள். எடுத்து வைத்த கோப்புகளை லோஞ்சர் உருவாக்கிய ஃபோல்டருக்குள் போட்டு, திறந்து தொடருங்கள். இருக்கும் கோப்புகளைச் சரிபார்த்து, குறைவதை மட்டும் இறக்கும். லோஞ்சரை மூடாமல் கொப்பி செய்தால் அது கோப்புகளை அடையாளம் காணாமல் முதலில் இருந்து இறக்கத் தொடங்கும். பலர் 60, 70 ஜீபியை இழப்பது இந்த இடத்தில்தான்.

ஜீ.ஓ.ஜீ இதில் வேறு ரகம். வாங்கிய கேமின் நிறுவல் கோப்பையே தருகிறார்கள். அலுவலகத்திலோ நண்பர் வீட்டு ஃபைபரிலோ இறக்கி, டிஸ்க்கில் போட்டு வந்து, இணையமே இல்லாமல் நிறுவலாம். பெரிய கேம்கள் ஒரு சிறிய நிறுவியும் 4 ஜீபிக்குக் கிட்டிய பல துண்டுகளுமாக வரும். எல்லாத் துண்டும் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பாதியில் பிழை காட்டி நிற்கும். பிரவுசரில் இறக்கும்போது மின்சாரம் போனால் அந்தத் துண்டு வீணாகலாம். ஆகவே ஜீ.ஓ.ஜீயின் கலக்ஸி செயலிக்குள் உள்ள காப்பு நிறுவல் கோப்புப் பகுதியில் இருந்து இறக்குங்கள். கூடுதல் உள்ளடக்கப் பொதிகளுக்கு நிறுவி தனி, அவற்றையும் மறக்காமல் எடுங்கள்.

திருப்பிக் கொடுப்பதும் கையில் தங்குவதும்

ஸ்டீமிலும் எபிக்கிலும் வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பும். கேம் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் எல்லாம் இந்த இரண்டு மணிக்குள் சேரும். கேம் தன் கிராஃபிக்ஸ் கோப்புகளை (ஷேடர்) தயாராக்கும் அரை மணி நேரமும், செற்றிங்ஸைத் திருகிக்கொண்டிருக்கும் நேரமும் அடக்கம். 2024 ஏப்ரல் முதல், வெளியீட்டுக்கு முந்திய முன்னணுகலில் விளையாடிய நேரத்தையும் ஸ்டீம் கணக்கிடுகிறது. பழைய கிராஃபிக்ஸ் கார்ட் உள்ளவர் கேம் ஓடுமா என்று பார்க்கும் வேலையை முதல் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும். மெதுவான இணைப்பு என்றால், இறக்கி முடிக்கக்கூடிய வாரத்தில் மட்டும் வாங்குங்கள். பதினான்கு நாள் வாங்கிய நாளில் இருந்து ஓடுகிறது.

ஜீ.ஓ.ஜீயில் 30 நாட்கள், விளையாடியிருந்தாலும். தொழில்நுட்பச் சிக்கல் வரக்கூடிய பழைய கேம்களுக்கு இது பெரிய ஆறுதல்.

2024இல் ஸ்டீம் கொள்வனவுப் பக்கத்தில் ஒரு வரி சேர்ந்தது: நீங்கள் வாங்குவது கேமைப் பயன்படுத்தும் உரிமம். அதே ஆண்டு மார்ச் 31இல் யூபிசொஃப்ட் த க்ரூ கேமின் சேர்வரை மூடி, பிறகு வாங்கியவர்களின் கணக்கில் இருந்து உரிமத்தையும் எடுத்துவிட்டது. டிஸ்க்கில் நிறுவல் கோப்பு இருக்கும் ஜீ.ஓ.ஜீ கேமுக்கு இது நடக்காது. பத்து வீதம் கூடக் கொடுக்கலாம் என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான். குறை, புதிய பெரிய கேம்கள் பல அங்கே வருவதில்லை. கொப்பித் தடுப்பு இல்லாமல் விற்க வெளியீட்டாளர்கள் அஞ்சுகிறார்கள்.

குடும்பத்துக்குள் பகிர்வதில் ஸ்டீம் முன்னால். 2024 செப்டெம்பரில் முழுமையாக வந்த ஸ்டீம் ஃபமிலிஸில் ஒரே வீட்டில் உள்ள ஆறு பேர் வரை சேரலாம். அண்ணன் ஒரு கேமும் தம்பி வேறொரு கேமும் ஒரே நேரத்தில் விளையாடலாம். ஒரே கேமை இருவர் விளையாட இரண்டு பிரதி வேண்டும். யாரைச் சேர்க்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. உங்கள் பிரதியில் அவர் ஏமாற்று மென்பொருள் போட்டு மாட்டினால் தடை உங்களுக்கும் வரலாம். விலகியவரின் இடம் ஒரு வருடம் காலியாகவே கிடக்கும்.

நமக்குத் திறக்காத கதவுகள்

மாதச் சந்தாவில் நூற்றுக்கணக்கான கேம் தரும் பீசி கேம் பாஸ் மற்ற நாட்டு ஒப்பீடுகளில் முதலிடம் பெறும். 2023இல் மைக்ரோசொஃப்ட் அதைப் புதிதாக 40 நாடுகளுக்கு விரித்தபோதும் இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. வேறு நாட்டுக் கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. ஒருநாள் கார்ட் ஏற்காமல் நின்றால் முறையிட இடமில்லை.

சோனி கேம்களில் அடி நேராகவே விழுந்தது. 2024 மேயில் ஹெல்டைவர்ஸ் 2க்குப் பிளேஸ்டேஷன் கணக்கு கட்டாயம் என்று அறிவித்து, அந்தச் சேவை இல்லாத 177 நாடுகளிலும் பிரதேசங்களிலும் ஸ்டீம் விற்பனையை நிறுத்தினார்கள். நாமும் அந்தச் சேவை இல்லாத பக்கம்தான். கட்டாயம் பிறகு தளர்ந்தது. இருந்தாலும் சோனி கேம் ஒன்றைக் காத்திருப்புப் பட்டியலில் வைத்திருப்பவர், பக்கம் நம் கணக்கில் திறக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நாட்டை மாற்றி மலிவாக வாங்கும் வழியும் அடைபட்டுவிட்டது. ஸ்டீமில் நாடு மாற்ற அந்த நாட்டின் கார்ட் வேண்டும். மலிவு என்று பலர் ஓடிப்போன ஆர்ஜென்டீனா, துருக்கிக் கணக்குகள் 2023 நவம்பரில் டொலர் விலைக்கு மாறின.

கீயும் பரிசும்

ஹம்பிள், ஃபனட்டிகல், கிரீன் மேன் கேமிங் போன்றவை வெளியீட்டாளரிடம் நேரே வாங்கிய ஸ்டீம் கீ, அதாவது ஸ்டீமில் போட்டுக் கேமைத் திறக்கும் இலக்கம், விற்பவை. சில நேரம் ஸ்டீம் கழிவை விட இறங்கும். ஆனால் நம் தெற்காசிய விலை அங்கே இல்லாமல் போகலாம், இலங்கையில் கீ செயற்படுமா என்று கொள்வனவுப் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள், வாசியுங்கள். ஸ்டீமின் பணத் திருப்பல் இந்தக் கீகளுக்குப் பொருந்தாது. யாரும் விற்கக்கூடிய சந்தைத் தளங்களை விட்டு விலகுங்கள். ஃபக்டோரியோ கேமின் 198 கீகள் திருட்டுக் கீகள் என்று அப்படியான தளமான ஜீ2ஏ 2020இல் ஒப்புக்கொண்டு, கேமைச் செய்தவர்களுக்கு 39,600 டொலர் கட்டியது. அப்படிப்பட்ட கீயை வெளியீட்டாளர் ரத்துச் செய்தால் கேம் உங்கள் நூலகத்தில் இருந்து மறையும்.

கொழும்பில் ரூபாவுக்கு விற்கும், வொலெட்டில் பணம் ஏற்றும் இரகசிய இலக்கங்கள் கார்ட் இல்லாத மாணவருக்கு உதவும். ரூபாவை டொலரால் வகுத்து, மேலே கண்ட உங்கள் டொலர் விலையோடு ஒப்பிடுங்கள். இலங்கைக் கணக்கில் ஏறுமா என்று கேட்ட பிறகே இலக்கத்தைச் சுரண்டுங்கள்.

டொரொண்டோவில் மாமாவோ இலண்டனில் அக்காவோ பிறந்தநாளுக்குக் கேம் அனுப்ப விரும்பினால், கேமாக அனுப்பச் சொல்லாதீர்கள். இரு நாட்டு விலைக்கும் இடைவெளி பெரிது என்றால் ஸ்டீம் அந்தப் பரிசை விடாது. டிஜிட்டல் கிஃப்ட் கார்ட் அனுப்பச் சொல்லுங்கள். அவர் கட்டுவது கனடா டொலராக இருந்தாலும் உங்கள் வொலெட்டில் அமெரிக்க டொலராக ஏறும், நம் பிரிவு விலையில் நீங்களே வாங்கலாம். வங்கிக் கட்டணமும் இல்லை. ஒரே நிபந்தனை, ஸ்டீமில் இருவரும் குறைந்தது மூன்று நாள் நண்பர்களாக இருந்திருக்க வேண்டும். ஸ்டீமின் கோடை விற்பனை நம் நேரம் இரவு 10.30க்கும், மார்கழி விற்பனை 11.30க்கும் தொடங்கும். அதற்கு முந்திய வாரமே மாமாவை நண்பராகச் சேர்த்துவிடுங்கள்.